பதினாலாம் பாடம்

மொக்போ ஒரு துறைமுக நகரம்.
எல்லோரும் சொல்லுங்கள்.
மொக்போ ஒரு துறைமுக நகரம்.
புளூமெண்டால் வீதியில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
பதினேழு பேரும் ஒரு மின்விசிறியும் சொல்கிறோம்.

தோசி என்றால் நகரம்.
இஃப்லால் தன் கொப்பியில் தோசை என்றே எழுதிவைக்கிறான்,
மறக்காதாம்.
பே என்றால் கப்பல்.
பே என்றால் வயிறும்தான்.
அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

புத்தகம், பிரதியின் பிரதியின் பிரதி.
மலை ஒரு கறை, தீவுகள் பல கறைகள்.
கடைக்காரனின் மை தீரும்வரை கடல் கறுப்பு,
பிறகு வரிவரியாய் வெள்ளை.
நான் போனதில்லை.
இரண்டு தரம் என் பெயர் பட்டியலில் ஏறி
இரண்டு தரமும் காலாவதியாகி இறங்கியது.
ஆனாலும் சொல்வேன்: ரயில்பாதை அங்கே முடிகிறது,
அதற்கப்பால் படகுதான்.
மலை உங்களுக்கு மேற்கே இருக்கும்.
போய்வந்தவள்போலத்தான் சொல்வேன்,
மாதம் நாலாயிரம் வாங்குகிறேனே.

டெனீசியஸ் மட்டும் கை உயர்த்துவார்.
முகத்துவாரத்தில் மீன்படகு, வயது முப்பத்தெட்டு,
பரீட்சைக்கு இதுவே கடைசி வருடம்.
மிஸ், எந்தக் காற்றுக்கு அங்க படகு இறக்கமாட்டாங்க?
மிஸ், அடிப்பக்கம் கல்லா, மணலா?
புத்தகத்தில் இருப்பது:
மீன் சுவையானது. மக்கள் அன்பானவர்கள்.
நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?

ஒன்றும் தெரியாதவளாய் நிற்கக்கூடாதென்று
பெயரைப் பிரித்துக் காட்டினேன்.
மொக், தொண்டை. போ, படகு ஒதுங்கும் துறை.
அவர் சுவருக்கு அப்பால், களனி கங்கை
கடலில் விழும் திசைக்கு விரல் நீட்டினார்.
எங்கட இடம் முகத்துவாரம்.
அப்ப வாயில இருந்து தொண்டைக்குத்தானே போறன்.
இதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

பயிற்சி மூன்று: உங்கள் நகரத்தை அறிமுகம் செய்க.
டெனீசியஸ் கொரிய மொழியில் எழுதினார்,
எழுத்துகள் வலைக்கண்கள்போல் ஒரே அளவில்:
கொழும்பு ஒரு துறைமுக நகரம்.
கிரேன் இருக்கிறது. கொள்கலன் இருக்கிறது.
கடல் இருக்கிறது.
மதிலும் இருக்கிறது. ஆகவே கடல் தெரியாது.
இலக்கணம் சரி.
பத்துக்குப் பத்து போட்டேன்.

மாசியில் வந்தது குரல்பதிவு.
நான் 155இல், தொங்கிக்கொண்டு,
காதோடு போனை அழுத்திக் கேட்டேன்.

மிஸ், மலை இருக்கு. நீங்க சொன்ன பக்கம்தான்.
ஆனா கடல் போயிட்டு, மிஸ்.
விடிய எழும்பிப் பார்த்தா
படகெல்லாம் சேத்தில குந்திக்கொண்டிருக்கு.
தண்ணி எங்கயோ தூரத்தில ஒரு கோடு.
கடல் உள்ள போனா என்ன வருமெண்டு
எங்களுக்குத் தெரியும்தானே.
ஓடினன். றப்பர் பூட்ஸோட, மலைக்கு.
நிண்டவங்களுக்கெல்லாம் கத்தினன்,
ஓடுங்க எண்ட சொல்லு மட்டும் வாயில வரயில்ல.
படிச்சதுதான், வரயில்ல.
பாடம் எத்தினை அது?
(இடையில் காற்று. ஒரு நாய்.)
மேல நிண்டு பார்த்துக்கொண்டே இருந்தன்.
சத்தமில்லாம வந்திட்டு மிஸ்,
ஒவ்வொரு படகா எழுப்பிவிட்டிட்டு.
தினமும் ரெண்டு தரமாம் இப்படி.
கப்டன் முதல்ல சிரிச்சார்.
பிறகு நான் கையால காட்டினன், தண்ணி எவ்வளவு உயரம் வந்ததெண்டு.
சோறு போட்டுத் தந்தார்.

நான் இறங்கவேண்டிய தரிப்பு போய்விட்டது.

புதிய வகுப்பு இருபத்திரண்டு பேர்.
பிரதிக்குக் கொடுக்குமுன் பதினாலாம் பாடத்தில்,
மீன் சுவையானது என்பதற்குக் கீழே,
பேனாவால் எழுதினேன்:
இங்கே கடல் போகும். திரும்பி வரும்.
ஓடவேண்டாம்.

மிஸ், இது எதிர்காலமா, என்கிறாள் முன்வரிசையில் ஒருத்தி.
இல்லை.
தினமும் நடப்பது.
எல்லோரும் சொல்லுங்கள்.